அலுமினியப் பலகையில் நாலு மணி நேரம்

ஆகஸ்டில் அமெரிக்கக் கல்லூரி ஊர் ஒன்றில் படிக்க வந்து இறங்கும் மாணவருக்கு, முதல் மாதம் முடிவதற்குள் யாராவது ஒருவர் ஃபுட்பால் டிக்கெட்டை நீட்டிவிடுவார். நம் ஊர்க் கால்பந்து இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால். விதி தெரியாவிட்டாலும் போகலாம். பக்கத்தில் இருப்பவர் கத்தும்போது சேர்ந்து கத்தினால் போதும், மூன்றாவது ஆட்டத்தில் எல்லாம் புரிந்துவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வித்தை அவ்வளவு சீக்கிரம் கைவராது. செப்டம்பரில் மயங்கி விழுந்து, நவம்பரில் கால்விரல் மரத்துப்போய், அதற்குப் பிறகு டிவியே போதும் என்று ஒதுங்கிவிட்டவர்கள் நிறைய உண்டு.

சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வரை ஓடுகிறது. ஒரு அணிக்கு வழக்கமாக 12 ஆட்டம், அதில் ஆறோ ஏழோ சொந்த மைதானத்தில். ஒரே ஊர், ஒரே இருக்கை. ஆனால் முதல் ஆட்டத்தில் 95 டிகிரி, கடைசி ஆட்டத்தில் 20. (இந்தப் பதிவில் எல்லாம் ஃபாரன்ஹீட்தான். அங்கே வானிலை அறிக்கையும் அதில்தான் வரும், பழகிக்கொள்வது நல்லது. 32-இல் தண்ணீர் உறையும். 95 என்பது ஏறக்குறைய நம் தோலின் சூடு.) 2024 முதல், சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் ப்ளேஆஃப் 12 அணிகளாக விரிந்து, முதல் சுற்று கல்லூரி மைதானங்களிலேயே நடக்கிறது. அந்த வருடம் டிசம்பர் 20, 21 தேதிகளில் சவுத் பெண்ட், ஸ்டேட் காலேஜ், கொலம்பஸ், ஆஸ்டின் ஆகிய ஊர்களில் ஆட்டங்கள் நடந்தன. கடைசி ஊரை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் டிசம்பரில் வெளியே உட்காரும் இடங்கள் அல்ல.

ஆட்டக் கடிகாரப்படி நாலு கால் பகுதி, ஒவ்வொன்றும் 15 நிமிடம், ஆக மொத்தம் ஒரு மணி நேரம். நடப்பில் மூன்றரை மணி நேரம் ஆகும். கடிகாரம் அடிக்கடி நிற்கும், டிவி விளம்பரத்துக்கும் ஆட்டம் நிற்கும், நடுவில் 20 நிமிட இடைவேளை. அரை மணி நேரம் முன்னால் உள்ளே போய்விட்டால் பலகையில் மட்டும் நாலு மணி நேரம். கார் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு மைல், ஒன்றரை மைல் நடை தனி. பெரும்பாலான மைதானங்களில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இடைவேளையில் காருக்குப் போய் ஸ்வெட்டர் எடுத்துவரலாம் என்ற கணக்கெல்லாம் அங்கே எடுபடாது.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பலகைதான். அன் ஆர்பரில் மிச்சிகன் ஸ்டேடியம் 1,07,601 பேர் கொள்ளும். இந்த மாதிரிப் பெரிய மைதானங்களில் பெரும்பகுதி தனி நாற்காலி கிடையாது. நீள அலுமினியப் பெஞ்சு, அதில் சுமார் 18 அங்குலத்துக்கு ஒரு எண். துருப்பிடிக்காது, கழுவுவது சுலபம், மலிவு என்பதால் அலுமினியம். ஆனால் அது வெப்பத்தைக் கடத்துவதில் மரத்தை விட ஆயிரம் மடங்குக்கு மேல். வெயிலில் கிடந்த பலகை தொடையைச் சுடும். குளிரில் அதே பலகை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; நீங்கள் உட்கார்ந்து சூடாக்கலாம் என்று பார்த்தால், அந்தச் சூடு நீளவாக்கில் பரவிப் போய்விடும், உங்களுக்கு மிஞ்சாது. கால் வைக்கும் தட்டும் பெரும்பாலும் அலுமினியம், இல்லாவிட்டால் கான்கிரீட். ஆகவே வெயிலோ குளிரோ, ஏற்பாட்டைத் தலையிலிருந்து தொடங்காமல் கீழே இருந்து தொடங்க வேண்டும்: முதலில் உட்காரும் இடம், அடுத்தது பாதம், தொப்பியும் கோட்டும் அதற்கப்புறம்.

அரை அங்குலத்துக்குக் குறையாத ஃபோம் மெத்தை ஒன்று, யோகா பாய்க்குப் பயன்படும் மூடிய துளை ரகம், இரண்டு பருவத்துக்கும் ஆகும். பஞ்சு அடைத்த குஷன் மழையில் ஊறி நாள் முழுக்க ஈரம் கக்கும். கைப்பிடி, முதுகுச் சட்டம், ஜிப் வைத்த பை உள்ள மெத்தைகளைப் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

டிக்கெட் வாங்கும்போதே பாதி வேலை

ஆட்டம் என்றைக்கு என்பது பல மாதம் முன்பே தெரியும். எத்தனை மணிக்கு என்பது பல ஆட்டங்களுக்குத் தெரியாது. அதை டிவி நிறுவனங்கள் முடிவு செய்கின்றன, வழக்கமாக 12 நாள் முன்பு. சில ஆட்டங்களுக்கு 6 நாள் முன்புதான். கிழக்கு நேரப்படி நண்பகல் 12, மாலை 3:30, இரவு 7 அல்லது 7:30 என்று மூன்று வேளை. டெக்சஸ், லூசியானா, அலபாமா போன்ற மத்திய நேர மாநிலங்களில் இதில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பரில் தெற்கே இந்த மூன்று வேளையும் மூன்று வேறு அனுபவம். காலை 11 மணி ஆட்டம் பார்க்க மிதமாகத் தெரியும், ஏமாற வேண்டாம். வெயில் ஏறிக்கொண்டேதான் போகும், ஆட்டம் முடியும்போது உச்சி. இரண்டு பக்கத்துக்கும் நிழல் கிடையாது. 2:30 ஆட்டம் இன்னும் சூடாகத் தொடங்கும், ஆனால் பாதிக்கு மேல் மேற்குப் பக்கம் நிழல் இறங்கும். இரவு ஆட்டம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அரிசோனாவில் டெம்பியில் செப்டம்பர் ஆட்டங்களை இரவுக்குத் தள்ளுவதே இதற்காகத்தான். அங்கே இரவு 7 மணிக்கும் 100 டிகிரி சர்வசாதாரணம். பகலெல்லாம் சூடு குடித்த கான்கிரீட் ராத்திரி அதைத் திருப்பித் தரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேற்குப் பக்கம் என்று சொன்னேன். மைதானங்கள் பெரும்பாலும் தெற்கு வடக்காகத்தான் அமைக்கப்பட்டிருக்கும், சாயும் சூரியன் ஆட்டக்காரர் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. அதனால் கிழக்கு வரிசைக்காரர்கள் பிற்பகல் முழுக்க மேற்கைப் பார்த்து வெயிலை முகத்தில் வாங்குவார்கள். மேற்கு வரிசைக்காரர்களுக்குச் சூரியன் முதுகுப் பக்கம். பத்திரிகையாளர் மாடம் பெரும்பாலும் மேற்கில்தான் இருக்கும். அதன் நிழல் முதலில் மேல் வரிசைகளில் விழுந்து, பிறகு மெல்லக் கீழே இறங்கும். ஆக, செப்டம்பருக்கு மேற்குப் பக்கம், முடிந்தவரை மேலே. மேலே காற்றும் வரும். கிண்ணம் மாதிரி இருக்கும் மைதானத்தின் அடியில் காற்று அசையாது.

நவம்பரில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். செப்டம்பரில் திட்டு வாங்கும் கிழக்குப் பக்க இருக்கைக்கு அப்போது மவுசு. சூரியன் முகத்தில் விழும், கீழ் வரிசையில் காற்று அடிக்காது. மிச்சிகன் ஸ்டேடியம் தரைக்குள் தோண்டிய கிண்ணம், மேலே நுழைந்து கீழே இறங்க வேண்டும். அதன் அடி வரிசைகளில் காற்று நன்றாகவே குறையும். மேல் அடுக்கின் கூரை போன்ற பகுதிக்கு அடியில் உள்ள இருக்கைகள் மழைக்கு நல்லவை என்று வாங்குவார்கள். குளிர்காலத்தில் அங்கே ஒரு பொட்டு வெயில் விழாது, காற்று மட்டும் புகுந்து வரும். மைதானத்திலேயே குளிர் அதிகம் அங்கேதான்.

இன்னொன்று: நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அதற்குப் பிறகு வடக்கே 5:15-க்கெல்லாம் இருட்டிவிடும். 3:30 ஆட்டத்துக்கு வெயிலைப் பார்த்து உடுத்திப் போனால் இரண்டாம் பாதி முழுக்க இருட்டில் விறைக்க வேண்டியதுதான். வானிலைச் செயலியில் ஆட்டம் தொடங்கும் நேரத்தை விட்டுவிட்டு, முடியும் நேரத்துக்கு என்ன டிகிரி, என்ன காற்று என்று பாருங்கள்.

வெயில்

'சென்னை வெயிலையே பார்த்தவன், இது என்ன' என்பதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தப்பு. வெயில் பழக்கம் ரத்தத்தில் ஊறிய சொத்து இல்லை. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் தினமும் வெயிலில் இருக்க வேண்டும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். ஏசி அறை, ஏசி பஸ், ஏசி லேப் என்று ஒரு மாதம் கழிந்தால் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். இரண்டாவது தப்பு, கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்பது. நமக்கும் எரியும், சிவந்து தெரியாது, அவ்வளவுதான். அலுமினியம் வெயிலைத் திருப்பி அடிப்பதால் தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்புறம் என்று யாரும் பூசாத இடங்களில் எரிகிறது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், வெளியே போவதற்கு 15 நிமிடம் முன்பு ஒரு தடவை, பிறகு இரண்டு மணிக்கொரு தடவை. ஸ்ப்ரே டப்பாவைப் பல வாசல்களில் பிடுங்கிக்கொள்வார்கள், குழம்பாக வரும் ட்யூப் வாங்குங்கள்.

வெறும் டிகிரியைப் பார்க்காமல் ஹீட் இண்டெக்ஸை, அதாவது ஈரப்பதத்தோடு சேர்த்த சூட்டைப் பார்க்க வேண்டும். 90 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் தேசிய வானிலைச் சேவையின் அட்டவணை அதை 105 என்று சொல்கிறது. அதுவும் நிழலுக்கான எண். நேர் வெயிலில் 15 டிகிரி வரை கூடலாம் என்பது அந்தச் சேவையே தரும் குறிப்பு. பாட்டன் ரூஜ், கெய்ன்ஸ்வில், காலேஜ் ஸ்டேஷன் எல்லாம் இந்த ஈர வெயில் ஊர்கள். டெம்பி உலர் வெயில். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றில்லை. நனைத்துக் கழுத்தில் போடும் 'கூலிங் டவல்' உலர் காற்றில் அற்புதமாக வேலை செய்யும், தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துப் போகும். ஈர வெயிலில் தண்ணீர் ஆவியாகாது; பத்து நிமிடத்தில் அது கழுத்தைச் சுற்றிய வெந்நீர்த் துணி. அங்கே ஐஸ்தான் வேண்டும். கடையில் பானம் வாங்கும்போது ஒரு கப் ஐஸ் கூடுதலாகக் கேட்டு வாங்கி, கைக்குட்டையில் சுருட்டிப் பிடரியில் வைத்துக்கொள்ளுங்கள். விசிறியும் அப்படித்தான்: 95-க்கு மேல் போனால் காய்ந்த தோலில் சூட்டுக் காற்றை வீசுகிறது. தோலை நனைத்துவிட்டு விசிறுங்கள்.

தண்ணீர்க் கணக்கு. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்வது 15–20 நிமிடத்துக்கு ஒரு கப், அதாவது 8 அவுன்ஸ், சுமார் 240 மில்லி. நின்றுகொண்டு கத்தும் பார்வையாளருக்கும் அதன் குறைந்த அளவைப் பிடித்துக்கொள்ளலாம், மணிக்கு 700 மில்லி. அரை லிட்டர் பாட்டில் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. சில மைதானங்களில் திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை அனுமதிப்பார்கள். சில இடங்களில் காலி பாட்டில் மட்டும், உள்ளே பிடித்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் எதுவுமே கிடையாது. ஐஸ் கட்டியாக உறையவைத்த பாட்டிலை உள்ளே விடாத இடங்களும் உண்டு. கல்லூரியின் விளையாட்டுத் துறை இணையதளத்தில் அந்த வருட விதி இருக்கும், போகும் வாரம் பாருங்கள். மாறிக்கொண்டே இருக்கும் விதி இது.

மேல் எல்லையும் உண்டு. மணிக்கு 48 அவுன்சுக்கு மேல், அதாவது 1.4 லிட்டருக்கு மேல், வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அதன் அறிகுறியும் தலைவலி, குமட்டல்தான் என்பதால் 'தண்ணீர் போதவில்லை' என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள். உப்புப் பிஸ்கட், ப்ரெட்ஸல், ஏதாவது ஒன்றை நடுநடுவே கொறியுங்கள்.

விளையாட்டுக்காரர்கள் குடிக்கும் கேட்டரேட் என்ற பானம் பிறந்ததே இந்த மாதிரி ஒரு மைதானத்தில்தான். 1965-இல் கெய்ன்ஸ்வில்லில் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் உதவிப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்தால் பையன்களுக்குச் சிறுநீரே வருவதில்லையே ஏன் என்று கேட்க, ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவர் குழுவும் தண்ணீர், சர்க்கரை, உப்பு கலந்து ஒன்று தயாரித்தார்கள். குடிக்க முடியாத சுவை. கேடின் மனைவி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னார். நம் வீட்டில் வெயில் நாளில் கலக்கும் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ்தான் கிட்டத்தட்ட! ஒரு 12 அவுன்ஸ் கேட்டரேடில் 21 கிராம் சர்க்கரை, 160 மில்லிகிராம் சோடியம். நமக்குத் தெரிந்த ஓஆர்எஸ் கரைசலில் அதே அளவுக்குச் சோடியம் ஏறக்குறைய நாலு மடங்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த 21 கிராமைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடை விஷயத்தில் பிரச்சினை கல்லூரி அணியின் நிறம். காலேஜ் ஸ்டேஷனில் மெரூன், ஆஸ்டினில் காவிச் செம்மஞ்சள். அடர்நிறம், அதுவும் தடித்த பருத்தி டி-ஷர்ட். அதே நிறத்தில் மெல்லிய பாலியஸ்டர் சட்டை கிடைக்கும், ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். உள்ளே காற்று புக வேண்டும். கால்சட்டை முழங்காலுக்குக் கீழே இறங்கட்டும், பலகை சுடும். செருப்பு வேண்டாம்.

காலேஜ் ஸ்டேஷனில் உள்ள கைல் ஃபீல்ட் மைதானத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள், மரபு. நிற்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டி வைத்தால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைக்குப் போவது குறைந்து, ஆள் மரம் மாதிரி சாய்ந்துவிடுவார். வெயிலில் பாதி மயக்கம் இப்படித்தான் வருகிறது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்திருங்கள், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இடைவேளைக்கு நாலைந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து, வரிசைகளுக்கு அடியில் ஓடும் நடைபாதையின் நிழலுக்குப் போய்விடுங்கள். 20 நிமிட நிழல் உடம்பை மீட்டுத் தரும், கழிவறை வரிசையும் அப்போது சின்னது.

ஒருவருக்கு வியர்வை கொட்டி, தோல் சில்லிட்டு, தலை சுற்றி, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே நிழல், ஐஸ், வாய்வாயாகத் தண்ணீர். பேச்சு குழறினால், இடம் தெரியாமல் உளறினால், அது ஹீட் ஸ்ட்ரோக் ஆக இருக்கலாம். காத்திருக்க நேரம் இல்லை. பக்கத்தில் நிற்கும் மைதான ஊழியரிடம் பகுதி, வரிசை, இருக்கை எண் மூன்றையும் சொல்லி ஆள் அனுப்புங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம்.

குளிர்

மினசோட்டா பல்கலைக்கழக அணி பல வருடம் கூரை போட்ட மெட்ரோடோமில் சொகுசாக ஆடிக்கொண்டிருந்தது. 2009-இல் தானாகவே கூரையில்லாத புது மைதானத்துக்கு வந்தது. அங்கிருந்து வடமேற்கே ஃபார்கோவில் நார்த் டகோட்டா ஸ்டேட் அணி இன்னமும் கூரைக்கு அடியில்தான். யாருக்குப் புத்தி அதிகம் என்பதை நவம்பரில் மினியாபொலிஸ் பலகையில் உட்கார்ந்தவர்கள் சொல்லட்டும்.

இங்கே பார்க்க வேண்டிய எண் விண்ட் சில், அதாவது காற்றோடு சேர்த்த குளிர். 20 டிகிரி, 15 மைல் வேகக் காற்று என்றால் 6 டிகிரி. 0 டிகிரியில் அதே காற்று என்றால் மைனஸ் 19; அந்த அளவில் மூடாத தோல் 30 நிமிடத்தில் உறைந்து காயமாகலாம். ஆனால் வெறும் எண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தப்பிவிடும். 20 டிகிரியில் உலர்ந்த பனி விழும் நாளை விட, 38 டிகிரியில் மழை பெய்யும் நாள் மோசம். பனியைத் தட்டிவிடலாம். மழை உள்ளே இறங்கிவிட்டால் எத்தனை அடுக்கு போட்டிருந்தாலும் எல்லாம் ஈரத் துணி.

அடுக்கு முறை எல்லோரும் சொல்வதுதான்: தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி, மேலே காற்று புகாத கோட். பருத்தி எந்த அடுக்கிலும் கூடாது, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எல்லோரும் மேல் உடம்பை இப்படிப் பொதிந்துகொண்டு கீழே வெறும் ஜீன்ஸில் வருகிறார்கள். ஜீன்ஸும் பருத்திதான். உள்ளே தெர்மல், மேலே மழைக்கால்சட்டை ஒன்று மாட்டினால் ஜீன்ஸும் தாங்கும். அதுவும் இல்லாவிட்டால் பெரிய குப்பைப் பை ஒன்றைக் கோட்டுப் பையில் மடித்து வையுங்கள். இடுப்பு வரை அதற்குள் இறங்கி உட்கார்ந்தால் காற்றும் ஈரமும் நிற்கும். பார்க்கச் சகிக்காது, கேலி செய்பவர் மூன்றாம் கால் பகுதியில் இன்னொரு பை இருக்கிறதா என்று கேட்பார்.

பாதம்தான் முதலில் தோற்கும். அதன் கதை கார் நிறுத்துமிடத்திலேயே தொடங்குகிறது. தடித்த சாக்ஸ், தடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு மைல் நடக்கும்போது பாதம் வியர்க்கும். தெரியாது, சூடாக இருப்பது சுகமாகவே இருக்கும். உட்கார்ந்ததும் அந்த ஈரம் குளிர்கிறது, அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகிறது. ஆகவே மெல்லிய சாக்ஸில் நடந்து வந்து, இருக்கையில் உட்கார்ந்ததும் காலைத் துடைத்து, கோட்டுப் பையில் கொண்டுவந்த காய்ந்த கம்பளி சாக்ஸை மாட்டுங்கள். இந்த ஒரு வேலை நூறு டாலர் பூட்ஸை விடப் பலன் தரும். இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து இறுக்கமாகப் போடுவது அதற்கு நேர் எதிர். ரத்த ஓட்டம் நின்று இன்னும் சீக்கிரம் குளிரும். விரலை உள்ளே அசைக்க முடிய வேண்டும், குளிர்கால பூட்ஸ் அரை அளவு பெரிதாகவே இருக்கட்டும். காலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு மடிப்பாகப் போடுங்கள். அலுமினியத் தட்டுக்கும் பாதத்துக்கும் நடுவில் அந்த அட்டை செய்யும் வேலையை நம்பவே முடியாது.

அடுத்தது கை சூடாக்கும் பொட்டலம், ஹேண்ட் வார்மர். அதற்குள் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம், வெர்மிகுலைட் என்ற கனிமம். உறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது. துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. இதைத் தெரிந்துகொண்டால் எங்கே சொதப்புகிறது என்பதும் புரியும். உறையைப் பிரித்ததும் கையுறைக்குள் திணித்தால் காற்று இல்லாமல் சூடேறாது. 15–20 நிமிடம் வெளியே வைத்துக் குலுக்கி, சூடான பிறகு உள்ளே போடுங்கள். ஆறிவிட்டது போலத் தோன்றினால் தூக்கிப் போடாமல் வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டுங்கள், திரும்பச் சூடாகும். பிரிக்கும்போதே கல் மாதிரி கட்டியாக இருந்தால் உறையில் எங்கோ ஓட்டை, முன்பே துருப்பிடித்து முடிந்துவிட்டது. ஆட்டம் பாதியில் கிளம்பினால் காற்றுப் புகாத ஜிப்லாக் பையில் அழுத்தி மூடுங்கள், மீதி அடுத்த வாரத்துக்கு ஆகும். கைக்கு உள்ளதைக் காலில் போடக் கூடாது. கால்விரலுக்கென்று தனியாக ஒட்டும் ரகம் உண்டு, பூட்ஸுக்குள் இருக்கும் குறைந்த காற்றுக்கேற்ப செய்தது. அதைச் சாக்ஸின் மேல் ஒட்ட வேண்டும், தோலில் ஒருபோதும் கூடாது.

இலையுதிர் காலத்தில் மகன், மகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவை ஆட்டத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு ஒட்டு தோலைப் பொசுக்கினாலும் தெரியாது, குளிரில் விரல் உறைந்தாலும் தெரியாது. அவர்களுக்கு ஒட்டு வேண்டாம். காய்ந்த சாக்ஸ், அட்டை, அரை மணிக்கொரு தரம் எழுந்து நடப்பது, இடைவேளையில் சாக்ஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பது. இன்சுலின் உறைந்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு இளக்கினாலும் பயன்படாது. கோட்டின் வெளிப் பையில் வைக்காமல் உள்சட்டைப் பையில் வையுங்கள். செப்டம்பரில் அதற்கு 86 டிகிரிதான் மேல் எல்லை. இரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீர் பிரிக்கும் வகை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் கூடுதல் ஆபத்து. மருத்துவப் பொருள் இருந்தால் தனி வாசலில் சோதித்து விடுவார்கள்.

பை விதியைப் பொதுவாக ஒரே மாதிரி எதிர்பார்க்கலாம்: 12-க்கு 6-க்கு 12 அங்குலத்துக்கு மிகாத, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை ஒன்று, அல்லது ஒரு கேலன் ஜிப்லாக் பை. கூடுதல் ஸ்வெட்டரையெல்லாம் அதில் அடைக்க முடியாது. உடுத்திக்கொண்டோ கையில் தொங்கவிட்டுக்கொண்டோதான் வர வேண்டும். போர்வையை மடித்துக் கையில் எடுத்துவந்தால் பெரும்பாலும் விரித்துப் பார்த்துவிட்டு விடுவார்கள். குடை எங்கும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், தலைவழியாக மாட்டும் மழை அங்கி, பாஞ்சோதான். எல்லோரும் கோட்டும் போர்வையுமாக வரும் நாளில் 18 அங்குலத்தில் ஒருவர் அடங்கமாட்டார்; கடைசியில் வருபவருக்கு எண் மட்டும்தான் இருக்கும், இடம் இருக்காது. சீக்கிரம் போங்கள். நெருக்கியடித்து உட்காருவதும் நல்லதுதான், அந்தக் கூட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே சூடு அது.

டிக்கெட் போனில் இருக்கிறது, போன் குளிரில் செத்துவிடும். லித்தியம் பேட்டரி உறைகுளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். வாசலுக்குப் போகும்வரை உடம்பை ஒட்டிய பையில் வையுங்கள். ஒரு லட்சம் பேர் கூடும் இடத்தில் இணையமும் கிடைக்காது, வீட்டிலேயே டிக்கெட்டைப் போன் வாலட்டில் இறக்கிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் பல இடங்களில் செல்லாது.

கார் நிறுத்துமிட விருந்தில், அதாவது டெயில்கேட்டில், ஓரிரு கிளாஸ் ஏற்றிக்கொண்டால் குளிர் தெரியாது என்பார்கள். தெரியாதுதான். மது தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கும், முகம் சூடாகும், உடம்பின் உள் சூடு அந்த வழியாக வெளியே போய்விடும். வெயில் நாளில் சிறுநீராகத் தண்ணீரை இழுத்துப் போகும். இரண்டு பருவத்திலும் அதற்கு வேலை இல்லை. அதற்குப் பதில் கொழுப்பும் மாவும் கலந்த சாப்பாடாக நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நடுங்குவதற்கும் எரிபொருள் வேண்டும்.

காது மடல், மூக்கு நுனி, விரல் நுனி வெளிறி, மெழுகு பூசிய மாதிரி ஆகி, வலி நின்றுவிட்டால் அது நல்ல செய்தி இல்லை. நம் நிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். தேய்க்கக் கூடாது, சூடு பொட்டலம் வைக்கக் கூடாது. கையை அக்குளில் செருகி, காற்று படாத இடத்துக்குப் போங்கள். பேச்சு குழறி, பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறி, நடை இடறினால் உடம்பின் உள் சூடே இறங்குகிறது என்று அர்த்தம். அதுவரை இருந்த நடுக்கம் நின்றுபோனால் இன்னும் மோசம். முதலுதவி அறைக்குத்தான் போக வேண்டும்.

1950 நவம்பர் 25 அன்று கொலம்பஸில் பனிப்புயலுக்கு நடுவே ஓஹியோ ஸ்டேட்டும் மிச்சிகனும் ஆடின. பந்தைக் கையில் வைத்திருக்க முடியாமல் இரண்டு அணியும் சேர்ந்து 45 தடவை உதைத்துத் தள்ளின. மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறுவது) எடுக்காமல் 9–3 என்று ஜெயித்தது. அதைப் பார்க்க 50,503 பேர் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் குப்பைப் பையும், பிரித்தால் சூடாகும் இந்தப் பொட்டலமும் கடைக்கு வராத காலம்.

கடைசியாகக் கார். ஆட்டம் முடிந்ததும் ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், நிறுத்துமிடத்திலிருந்து சாலையைத் தொடவே ஒரு மணி நேரம் ஆகலாம். உள்ளே கொண்டுபோக முடியாததையெல்லாம் டிக்கியில் வைத்துவிட்டுப் போங்கள். செப்டம்பர் என்றால் ஐஸ் பெட்டியில் தண்ணீர், மாற்றுச் சட்டை. நவம்பர் என்றால் ஃப்ளாஸ்கில் டீ, ஒரு போர்வை, இன்னொரு ஜோடி சாக்ஸ். பெட்ரோல் பாதி டேங்குக்குக் குறையாமல் இருக்கட்டும், அந்த ஒரு மணி நேரமும் ஹீட்டர் ஓடியாக வேண்டும். பனி கொட்டியிருந்தால் கிளம்புமுன் புகைக்குழாயைச் சுற்றிக் கிடக்கும் பனியை ஒதுக்கிவிட்டு இன்ஜினைப் போடுங்கள்.